எளநியில் உப்பு

அக்டோபர் 24, வெள்ளி

ஜனவரியில கெமிக்கல் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி இது. இத்தனை மாசமா பீரோ மேல சும்மா கெடந்துச்சு. இன்னைக்குத் தொடைச்சு எடுத்துட்டேன். எழுதறதுக்கு ஒரு சேதி வந்திருச்சு.

பொண்ணு வீட்டுக்காரங்க நம்ம வீடு பாக்க வர்றாங்க. வர்ற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு.

எனக்கு முப்பத்திரண்டு முடிஞ்சிருச்சு. டிப்ளமோ படிப்பு, கையில ஒரு வேலை, தலையில முடி இருக்குது, ஜாதகத்துலயும் குத்தமில்ல. ஆனா ஊர் பேரைச் சொன்னதும் போனை வெச்சிருவாங்க. ஆவாரங்காட்டுப்புதூருங்களா, ஆத்தோரமுங்களா, அங்க தண்ணி எப்படீங்கன்னு ஒரு கேள்வி வரும். அதுக்கு மேல பேச்சு நகராது. எங்க ஊர்ல என்னைய மாதிரி கண்ணாலமாகாத பசங்க கபடி டீம் கட்டற அளவுக்கு இருக்கறோம். எதிர் டீமும் நாங்களே கட்டிக்கலாம்.

பொண்ணு பேரு கோகிலவாணி. மலையடிவாரம், வாய்க்கால் பாயற ஊர். பால் சொசைட்டியில வேலை. அப்பா பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டையர்டு ஆனவரு. பொண்ணு போட்டோவுல சிரிக்கல. கேமராக்காரன் ஏதோ தப்பாச் சொன்ன மாதிரி மொறைச்சுப் பாத்துட்டு நிக்குது. எனக்கு அதுவே புடிச்சுப்போச்சு.

அம்மா சேதியைக் கேட்டதும் சாமி ரூமுக்குள்ள போயிட்டு ரொம்ப நேரம் வெளிய வரல. அப்பா மட்டும், "வந்து பாக்கட்டும். நம்ம ஊட்டுக்கு என்ன கொறை"ன்னாரு.

அக்டோபர் 26, ஞாயிறு

கொறையெல்லாம் இன்னைக்குத்தான் கண்ணுல பட்டுச்சு. பாத்ரூம் செவுத்துல காவி புடிச்சிருக்குது, ஆசிட் ஊத்தித் தேய்ச்சேன். சோறாக்கற குண்டாவுல வெள்ளைவெள்ளையாப் பொறுக்கு, புதுசு வாங்கியாச்சு. அம்மா கையில இருக்கற தடிப்புக்குக் களிம்பு. கெணத்துத் தண்ணிதான் பெரிய ரோதனை. இந்த வாரம் இளம்பச்சையா இருக்குது. அப்பா மேல தகரம் போட்டு மூடிரலாம்னாரு. கேட்டா தூர் வாரப்போறோம்னு சொல்லிக்கலாம்.

தொட்டியில ரொப்ப லாரித் தண்ணிக்குச் சொல்லிட்டேன். டீக்கும் சமையலுக்கும் கேன் தண்ணி. எங்க தண்ணியில பருப்பு வேகாதுன்னு எங்களுக்குத் தெரியும், வர்றவங்களுக்கு எதுக்குத் தெரியோணும்.

மயில் கழுத்துக் கலர்ல ஒரு சட்டைத்துணி எடுத்துத் தைக்கக் கொடுத்திருக்கறேன். தையக்காரன், "என்ன லோகு, விசேசமா"ன்னு கேட்டான். இல்லைன்னேன். அவன் நம்பல.

அக்டோபர் 27, திங்கள்

நான் வேலை பாக்கற சாயப்பட்டறைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல இருந்து அருள்செல்வி மேடம் வந்தாங்க. புதுச் சட்டமாம். ஒவ்வொரு சாயப்பட்டறையிலயும் கடைசிக் குழாயில ஒரு மீட்டர் மாட்டோணும். அது நேரா அவங்க ஆபீஸோட பேசுமாம். எங்களுக்கு இன்னைக்கே மாட்டிட்டாங்க. "ஒரு சொட்டு வெளிய வந்தாலும் என் டேபிள்ல தெரிஞ்சிரும்"னு சந்தோசமாச் சொன்னாங்க. என்னைய விடச் சின்ன வயசா இருப்பாங்க. எனக்கும் அந்தச் சந்தோசம் ஒட்டிக்கிச்சு, பிளாண்ட் பூராச் சுத்திக் காட்டினேன்.

நான் இங்க தண்ணி சுத்தம் பண்ற பிளாண்டுக்கு ஆபரேட்டர். துணியில சாயம் ஏறோணும்னா மூட்டை மூட்டையா உப்புக் கொட்டோணும். சாயம் துணியோட போயிரும், உப்பு தண்ணியோட நின்னுக்கும். அந்தத் தண்ணியைக் காய்ச்சி, உப்பைத் தனியாப் பிரிச்சு, தண்ணியை மறுபடியும் பட்டறைக்கே அனுப்பறதுதான் என் வேலை. பாய்லரை முழுசா ஓட்டினா நல்லா வேலை செய்யும். வெறகு நெறையத் திங்கும், அதனால முதலாளி முழுசா ஓட்ட விடறதில்ல.

மேடம் போறப்ப என் போன்ல அவங்க நம்பரைப் பதிய வெச்சாங்க. "எந்த நேரமானாலும் கூப்பிடுங்க லோகநாதன்"னாங்க.

மீட்டருக்கு முன்னாடியே பின்பக்கத்துல ஒரு குழாய் பிரிஞ்சு மழைத்தண்ணி வாய்க்காலுக்குப் போகுது, வாய்க்கால் ஆத்துக்குப் போகுது. அதுக்கு ஒரு வால்வு. சுத்தியும் தகரம் அடைச்சிருக்குது. மேடம் அந்தப் பக்கம் வரல. அதைப்பத்தி எழுத ஒண்ணுமில்ல. எல்லாப் பட்டறையிலயும் இருக்கறதுதான்.

அக்டோபர் 29, புதன்

மழை. முதலாளி போன் பண்ணி, "லோகு, வானம் பாத்தியா"ன்னாரு. பாத்தேனுங்கன்னேன். மழை நாள்ல ஆறு பெருகி ஓடும், எந்தக் கலர் விட்டாலும் தெரியாது. வால்வைத் தொறந்து விட்டுட்டு டீ குடிக்கப் போனேன். அப்படியே சட்டையை வாங்கிட்டு வந்தேன். நல்லாத் தைச்சிருக்கான்.

நவம்பர் 2, ஞாயிறு

வந்துட்டுப் போயிட்டாங்க. எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியல.

வெடியக்காலமே குளிச்சுட்டு மயில் கழுத்துச் சட்டையைப் போட்டுட்டு வாசல்லயே நின்னேன். அம்மா, "உக்காரு சாமி, கசங்கிரும்"னு ரெண்டு தடவ சொல்லுச்சு. கார் வந்துச்சு. கண்டக்டர் மாமா, அவங்க வீட்டம்மா, ஒரு அத்தை, தரகரு. கடைசியா கோகிலவாணியே எறங்குச்சு. பொண்ணு வர்ற வழக்கம் எங்க பக்கத்துல இல்ல. அம்மா என்னைப் பாக்குது, நான் அப்பாவைப் பாக்கறேன். "நான் குடியிருக்கப் போற ஊடு, நான் பாக்க வேண்டாங்களா அத்தை"ன்னு அதுவே சொல்லிட்டு உள்ள வந்துச்சு. வந்த வேகத்துக்கு எனக்குக் காது சூடாயிருச்சு.

எல்லாம் கணக்காப் போச்சு. கேன் தண்ணி டீ. லாரித் தண்ணியில கை கழுவினாங்க. பருப்பு மெத்துன்னு வெந்திருந்துச்சு. மாமா ரெண்டாந்தடவ கேட்டு வாங்கினாரு. தரகரு என்னைப் பாத்துக் கண்ணடிச்சாரு.

அப்பறம்தான் அப்பா எந்திரிச்சாரு. "எங்க ஊட்டுக்கு வந்துட்டு எளநி குடிக்காமப் போறதாங்"னு தொரட்டி எடுத்துட்டுப் போனாரு. எங்க வீட்டுப் பொறத்தால தென்னை எல்லாம் அவரு வெச்சது. யாரு வந்தாலும் எளநி வெட்டிக் கொடுக்காம அனுப்ப மாட்டாரு. நானும் சந்தோசமா எடுத்து எடுத்துக் கொடுத்தேன்.

மாமா ஒரு மடக்கு குடிச்சுட்டு மோட்டு வளையைப் பாத்தாரு. கூட வந்த அத்தை சத்தமில்லாமத் தூணுக்குப் பக்கத்துல வெச்சிருச்சு. கோகிலா குடிச்சுது. எளநியைக் கொஞ்ச நேரம் பாத்துச்சு. மறுபடி ஒரு வாய் குடிச்சுது.

"இதுல உப்புப் போட்டிருக்கீங்களா அத்தை?"

அம்மா சிரிச்சுருச்சு. "எளநிக்கு ஆராச்சும் உப்புப் போடுவாங்களா கண்ணு. எங்க மரத்து எளநி இப்படித்தான் ருசியா இருக்கும்."

"இந்த ருசி எங்கயும் கெடைக்காதுங்"னு அப்பா நெஞ்சை நிமித்திட்டு நிக்கறாரு. நான் எம்பங்கை அடிவரைக்கும் குடிச்சு வழுக்கையும் வழிச்சுத் தின்னுட்டேன்.

கோகிலா எந்திரிச்சுப் பொறத்தால போச்சு. கெணத்து மேல கெடந்த தகரத்தைப் பாத்துச்சு. தென்னையை அண்ணாந்து பாத்துச்சு. அப்பறம் என்னைப் பாத்துச்சு. தூர் வாரப்போறோம்னு சொல்ல வாயைத் தொறந்தேன். அது ஒண்ணும் கேக்கல.

"தகவல் சொல்றோமுங்"னு போயிட்டாங்க. என்ன தப்பாப் போச்சுன்னே புரியல.

நவம்பர் 3, திங்கள்

டவுனுக்குப் போய் பஸ் ஸ்டாண்டு வண்டியில ஒரு எளநி வாங்கிக் குடிச்சேன். "சக்கரை ஏதாச்சும் ஊசியில போட்டு ஏத்தறியாப்பா"ன்னு கேட்டேன். அவன் என்னை மேலயும் கீழயும் பாத்து, "வெடியாலயே சரக்கு போட்டுட்டு வந்துட்டீங்களாண்ணா"ன்னான். பக்கத்துல குடிச்சுட்டிருந்தவரைக் கேட்டேன். "எளநின்னா இனிக்கத்தானுங்க செய்யும்"னாரு. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் வேற வண்டிக்குப் போய் இன்னொண்ணு குடிச்சேன். அதுவும் இனிச்சுது.

ரோட்டோரத்துலயே உக்காந்துட்டேன். செவுத்தைத் தேய்ச்சோம், கெணத்தை மூடினோம், குண்டாவை மாத்தினோம். மரத்து மேல தொங்கறதை விட்டுட்டோம். மறந்துட்டோம்னு கூடச் சொல்ல முடியாது. அதை மறைக்கோணும்னே எங்களுக்குத் தெரியல.

அப்பாகிட்ட எதுவும் சொல்லல.

நவம்பர் 5, புதன்

அது போன் பண்ணுச்சு. அதுவே. நான் பிளாண்டுல பம்பு சத்தத்துல நிக்கறேன், ஓடிப்போய் சைக்கிள் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டேன்.

"கோகிலா பேசறேனுங்க. பால் ஊத்தற நேரம், சுருக்கமாக் கேக்கறேன். எளநிக்குள்ள உப்பு எப்படிங்க போச்சு?"

வழவழன்னு பேசறதுக்கு எடமே கொடுக்கல. சாயம், உப்பு, ஆறு எல்லாம் வெளக்கமாச் சொன்னேன். மண்ணுல எறங்குன உப்பை வேர் உறிஞ்சிருக்கும்னேன்.

"நீங்க பட்டறையில உப்பை எடுக்கற வேலைதானே பாக்கறீங்க?"

"ஆமாங்க. வாரியத்து மேடம் கூட நல்லா வெச்சிருக்கறீங்கன்னாங்க."

"நீங்க எடுத்துட்டா மரத்துக்கு எப்படிங்க போகும்?"

"அது பழைய உப்புங்க. முன்னாடி விட்டது."

"இப்ப விடறதில்லீங்களா?"

"இப்ப மீட்டர் இருக்குதுங்க."

கொஞ்ச நேரம் பால் கேன் உருள்ற சத்தம்தான் கேட்டுச்சு. அப்பறம் சொல்லுச்சு, "அப்பா வேண்டாங்கறாரு. நான் யோசிக்கறேன்னு சொல்லியிருக்கறேன். ஊரை விட்டு ஓடிப்போற மாப்பிள்ளையைக் காட்டியும், ஊர்லயே இருந்து தண்ணியைச் சுத்தம் பண்றவரு மேலுன்னு எனக்குத் தோணுதுங்க."

மேலுன்னு சொல்லுச்சு. என்னையத்தான் சொல்லுச்சு. ஷிப்ட் முடியற வரைக்கும் விசிலடிச்சுட்டே இருந்தேன். நான் பொய் ஒண்ணும் சொல்லல. மீட்டர் இருக்கறது நெசந்தானே.

நவம்பர் 9, ஞாயிறு

சரின்னுட்டாங்க.

சரின்னுட்டாங்க.

முப்பதாந்தேதி உப்புச் சக்கரை மாத்திக்கறது. எங்க பக்கத்துல ரெண்டு ஊட்டுக்காரங்களும் உக்காந்து உப்பும் சக்கரையும் மாத்திக்கிட்டாங்கன்னா பேச்சு உறுதி. அதுக்கப்பறம் பின்வாங்கறது மானக்கேடு. அம்மா இப்பவே உப்பு வாங்கி மஞ்சத்துணியில முடிஞ்சு வெச்சிருச்சு.

கோகிலா போன்ல, "நான் ஒரு தென்னம்பிள்ளையும் கொண்டாருவேன், உங்க ஊட்டுல வெக்கறதுக்கு. அது காய் புடிக்கறப்ப எளநி இனிக்கோணும். அது உங்க பொறுப்பு"ன்னுச்சு.

"இனிக்க வெச்சுட்டாப் போச்சு"ன்னு நானும் பெரிய இவனாட்டம் சொல்லிட்டேன்.

நவம்பர் 11, செவ்வாய்

மழை. வானம் பாத்தேன். கோகிலா ரெண்டு தடவ கூப்பிட்டுச்சு, எடுக்கல. கை ஈரம்.

நவம்பர் 14, வெள்ளி

இன்னைக்கு நான் மேடை ஏறினேன். டவுன்ல பெரிய ஹாலு, பெரிய அதிகாரிக, ஏ.சி. நல்லா சுத்தம் பண்ற பட்டறைகளுக்கு வாரியம் பசுமை விருது கொடுக்குது. எங்க பட்டறை மீட்டர்ல ஒரு சொட்டும் காட்டலையாம். முதலாளி, "நீயே போய் வாங்குடா"ன்னு என்னைத் தள்ளி விட்டாரு. கண்ணாடி ஷீல்டு, உள்ள பச்சை எலை. அருள்செல்வி மேடம் கை வலிக்கற மாதிரித் தட்டினாங்க. பேப்பர்க்காரங்க போட்டோ எடுத்தாங்க. மயில் கழுத்துச் சட்டை அதுக்குன்னே தைச்ச மாதிரி இருந்துச்சு.

முதலாளி தோள்ல கை போட்டு, "உன் கண்ணாலத்துக்கு என் காருதான் ஜோடிச்சு வரும். நானே ஓட்டறேன்"னாரு. நல்ல மனுசன். பட்டறையில யாரு வீட்டுச் சாவுன்னாலும் முதல்ல வந்து நிக்கறவரு.

கண்டக்டர் மாமா கூப்பிட்டு, "மாப்ள, போட்டோ பேப்பர்ல எந்தப் பக்கத்துல வரும்"னு கேட்டாரு. மாப்ளன்னு முதல் தடவையாச் சொன்னாரு.

அப்பா ஷீல்டை டி.வி. மேல வெச்சாரு. எனக்கு அதைப் பாத்துட்டே சோறு எறங்கல. டி.வி.யை மறைக்குதுன்னு சொல்லி எடுத்து பீரோ மேல வெச்சுட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

மாமா பேப்பரைக் கத்தரிச்சு சட்டைப் பையில வெச்சுட்டு, பஸ் ஸ்டாண்டு பூராக் காட்டிட்டிருக்காராம். டீக்கடைக்காரரு லேமினேட் பண்ணிக்கங்கன்னு சொன்னாராம். கோகிலா சொல்லிச் சொல்லிச் சிரிச்சுது. போட்டோவுல சிரிக்காத பொண்ணு போன்ல நல்லாச் சிரிக்குது.

நவம்பர் 19, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதறேன்.

கிறிஸ்துமஸ் ஆர்டர். ஒரு வாரமாச் செவப்புத்தான் ஓடுது. "மழைக்காலந்தானே, எதுக்கு வெறகைக் கொளுத்தறே"ன்னு முதலாளி பாய்லரை நிறுத்தச் சொல்லிட்டாரு. தொட்டி வெளிம்பு வரைக்கும் ரொம்பி நிக்குது. மத்தியானத்துக்கு மேல மழை புடிச்சுது. போன் வந்துச்சு. "லோகு, வானம் பாத்தியா?"

பாத்தேனுங்கன்னு சொல்லிட்டுப் பின்னாடி போனேன். தகரத்துக்குள்ள நொழைஞ்சு வால்வு மேல கை வெச்சேன். பையில மறுபடியும் போன் அடிச்சுது. முதலாளின்னு நெனைச்சு எடுத்துட்டேன். கோகிலா.

"அங்க மழையாங்க?"

"ஆமாங்க. நல்ல மழை."

"இங்கயுந்தாங்க. எனக்கு ஒரே சந்தோசம், அதான் கூப்பிட்டேன். மழை பெய்யப் பெய்ய மண்ணுல இருக்கற உப்பு கரைஞ்சு போயிருமில்லீங்களா? ஒவ்வொரு மழைக்கும் உங்க ஊரு கொஞ்சம் கொஞ்சமா நல்லாயிரும்னு நெனைச்சுக்கறேன். இந்த வருசம் நல்ல மழைங்க."

தகரத்து மேல மழை தடதடன்னு கொட்டுச்சு.

"கேக்குதுங்களா?"

"கேக்குதுங்க"ன்னேன். போனை வெச்சுது. வால்வு மேல கை வெச்சபடியேதான் அத்தனையும் பேசியிருக்கறேன். கையை எடுத்துட்டேன்.

தொட்டிகிட்டப் போய் நின்னேன். ரொம்பி வழிய ஆரம்பிச்சுது. செவப்புத் தண்ணி களம் பூராப் பரவி, ஆபீஸ் படிக்கட்டு வரைக்கும் வந்து, முதலாளியோட வெள்ளைக் கார் டயரு முங்குச்சு. உள்ள இருந்த ஆளுக எல்லாரும் செருப்பைக் கையில புடிச்சுட்டு வெளிய வந்துட்டாங்க. முதலாளி வேட்டியைத் தூக்கிப் புடிச்சுட்டு வந்தாரு.

"ஏன்டா தொறக்கல?"

"மிஷினை நிறுத்துங்க முதலாளி. பாய்லரை ஏத்திர்றேன். ஆளுகளை வெச்சுட்டு நாளைக்குள்ள அத்தனையும் காய்ச்சித் தர்றேன்."

"ஷிப்மெண்ட் போகலைன்னா இத்தனை பேருக்கும் நீ சோறு போடுவியா? ஒரு ஷீல்டு வாங்கினதும் பெரிய யோக்கியனாயிட்டியா? அதுவும் நான் கொடுத்த யோக்கியம்டா."

அவரு சொன்னது சரிதான். அவரே ஸ்பேனரை எடுத்துட்டு, வெள்ளை வேட்டி செவப்பா நனைய நனைய, தகரத்துப் பக்கம் போனாரு. கத்தியிருந்தாருன்னா ஒருவேளை நான் பயந்துட்டிருப்பேன். அவரு வழக்கமான வேலை மாதிரி போனாரு. நான் எப்படிப் போவேனோ அப்படிப் போனாரு.

அப்பத்தான் போனை எடுத்தேன். "மேடம், மீட்டருக்கு முன்னாடி ஒரு குழாய் இருக்குதுங்க. பின்பக்கம் தகரத்துக்குள்ள. இப்ப வந்தீங்கன்னா நேர்லயே பாக்கலாம்."

"யார் பேசறது?"

"லோகநாதனுங்க. ஷீல்டு வாங்கினவன்."

"அங்கயே இருங்க, வர்றேன்"னாங்க.

நவம்பர் 20, வியாழன்

சீல் வெச்சுட்டாங்க. கரண்டைப் புடுங்கிட்டாங்க. கேட்டுக்கு வெளிய நின்ன ஆளுக யாரும் எங்கிட்டப் பேசல. ஒருத்தன் மட்டும், "உனக்குக் கண்ணாலம், எங்களுக்குப் பட்டினியா"ன்னான். கூட டீ குடிச்சுட்டிருந்தவன்தான்.

ஷீல்டை ஒரு மஞ்சப் பையில போட்டு வண்டியில கொண்டுபோய் மேடம் மேசை மேல வெச்சேன். கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேன். வால்வைத் தொறந்தது யாருன்னு கேட்டதுக்கு மட்டும் நேரமாச்சு. எம்பேரையும் எழுதிக்கிட்டாங்க. கேஸ்ல நானும் இருப்பனாம்.

விருதன்னைக்குத் தட்டின தன் கையைப் பாத்தபடியே மேடம் சொன்னாங்க, "தப்பு எங்க மேலயும் இருக்கு. போற குழாயை மட்டும் பாத்துட்டு உக்காந்திருந்தோம். இனி உள்ள வர்ற தண்ணிக்கும் ஒரு மீட்டர் மாட்டப்போறோம். வந்தது எங்க போச்சுன்னு கணக்குச் சொல்லியே ஆகணும். ஒரு பட்டறை விடாமப் பின்பக்கம் போய்ப் பாக்கறோம்." சொல்லச் சொல்லப் பழைய வேகம் வந்திருச்சு அவங்களுக்கு. எனக்கும் கொஞ்சம்.

நவம்பர் 22, சனி

பேப்பர்ல வந்திருச்சு. பசுமை விருது வாங்கிய ஆலைக்குச் சீல். கூடவே அந்தப் போட்டோ. மயில் கழுத்துச் சட்டையில நான் பல்லைக் காட்டிட்டு நிக்கறேன்.

மாமா கூப்பிட்டாரு. மாப்ளன்னு சொல்லல. "தம்பி, நான் அந்தப் போட்டோவைப் பஸ் ஸ்டாண்டு பூராக் காட்டினேன்"னாரு. அப்பறம், "பொண்ணு கொடுக்கறதுக்கு இல்லீங் தம்பி. தப்பா நெனைக்காதீங்"னு வெச்சுட்டாரு.

அம்மா மஞ்சத்துணி முடிச்சை அவுத்து உப்பை டப்பாவுல கொட்டிருச்சு. அழுகவெல்லாம் இல்ல. எனக்குத்தான் அழுகை வந்துச்சு.

நவம்பர் 24, திங்கள்

கோகிலா.

"அன்னைக்கு மழையில நான் கூப்பிட்டப்ப எங்கீங்க நின்னுட்டிருந்தீங்க?"

"வால்வுகிட்டத்தானுங்க."

"தொறக்கறதுக்கா?"

"தொறக்கத்தான் போனேன். தொறக்கல."

"அதுக்கு முன்னாடி மழைக்கெல்லாம்?"

"தொறந்தேனுங்க."

பால் கேன் சத்தம் கூட இல்ல. எங்கயோ தனியாப் போய் நின்னு பேசியிருக்கும்போல.

"மீட்டர் இருக்குதுன்னீங்களே."

"இருந்துச்சுங்க."

வெச்சுருச்சு.

நவம்பர் 27, வியாழன்

மழை. போன் வரல. வேலை கேட்டு நாலஞ்சு பட்டறைக்குப் பேசினேன், எம்பேரைச் சொன்னதும் வெச்சிர்றாங்க. முன்னாடி ஊர்ப் பேருக்கு வெச்சாங்க, இப்ப எம்பேருக்கு.

மத்தியானம் சும்மா இருக்க முடியாம குடையை எடுத்துட்டு மழைத்தண்ணி வாய்க்காலுக்குப் போனேன். பாத்தவன் அப்படியே நின்னுட்டேன். தண்ணி மண்ணுக் கலர்ல போகுது. நல்ல மழை நாள், ஆனா செவப்புமில்ல ஊதாவுமில்ல, வெறும் மண்ணு. மேடம் வரிசையா எல்லாப் பட்டறைப் பின்பக்கமும் போயிட்டிருக்காங்கன்னு பேச்சு, அதனால ஒருத்தனும் வால்வுகிட்டப் போகல. வீட்டுக்கு ஓடிப்போய் அப்பாவைக் கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்தேன். அவரு ரொம்ப நேரம் பாத்தாரு. எறங்கிக் கையில அள்ளி மோந்து பாத்தாரு.

நான் வீடியோ எடுத்துக் கோகிலாவுக்கு அனுப்பிட்டேன். எதுக்கு அனுப்பினேன்னு தெரியல, அந்த நேரத்துல வேற யாருக்கு அனுப்பறதுன்னும் தெரியல. பாத்திருக்குது. பதில் இல்ல.

நவம்பர் 30, ஞாயிறு

உப்புச் சக்கரைக்குக் குறிச்ச நாள். நாங்க யாரும் அதைப்பத்திப் பேசல. நான் பழைய லுங்கியோட பாத்ரூம் குழாய் மாத்திட்டிருக்கறேன், வாசல்ல கார் சத்தம்.

கண்டக்டர் மாமா மூஞ்சியை உர்ருன்னு வெச்சுட்டு எறங்கினாரு. அவங்க வீட்டம்மா கையில தட்டு, தட்டுல சக்கரை. கோகிலா மடியில ஒரு தென்னம்பிள்ளை. வீட்டுக்குள்ள உக்காந்ததும் மாமாதான் ஆரம்பிச்சாரு. "எனக்கு முழுச் சம்மதம் இல்லீங். எம்பொண்ணுதான் கேக்கல. பொய் சொன்ன ஆளுன்னேன். ஆமாங்குது. வேலையில்லைன்னேன். அதுக்கும் ஆமாங்குது."

கோகிலா என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுச்சு. "பொய் சொன்னாரு, எனக்கு இன்னும் கோவம் போகல. ஆனா தொறக்காம விட்டதையும் அவரேதான் சொன்னாரு, தொறந்ததையும் அவரேதான் சொன்னாரு. இனி ஒரு பொய் சொன்னா, பால்ல தண்ணி கலந்தாக் கண்டுபுடிக்கற மாதிரி கண்டுபுடிச்சிருவேன்." அம்மாவுக்கு அந்தப் பேச்சு ரொம்பப் புடிச்சுப்போச்சு, மூஞ்சியிலயே தெரிஞ்சுது. ஓடிப்போய் டப்பாவுல இருந்த உப்பை மறுபடியும் மஞ்சத்துணியில முடிஞ்சுட்டு வந்துச்சு. நான் லுங்கியோடவே உக்காந்து உப்புச் சக்கரை மாத்திக்கிட்டேன். மயில் கழுத்துச் சட்டையை எடுக்க யாரும் விடல, நேரமாகுதுன்னுட்டாங்க.

டீ வந்துச்சு. எளநி பேச்சை யாரும் எடுக்கல. அப்பா பாட்டுக்கு மூலையில உக்காந்திருந்தாரு. தொரட்டி பக்கம் கூடப் பாக்கல.

"மாமா, எளநி இல்லீங்களா?"ன்னு கோகிலாவே கேட்டுச்சு.

அம்மா, "வேண்டாம் கண்ணு, அது"ன்னு இழுத்துச்சு.

"கொண்டாங்க அத்தை."

அப்பா எந்திரிச்சுப் போனாரு. வெட்டிக் கொண்டாந்து கொடுத்தாரு. கோகிலா அண்ணாந்து குடிச்சுது. நிறுத்தல. அன்னைக்கு ரெண்டு வாயோட வெச்ச பொண்ணு, மூச்சுக்கூட விடாம அடி வரைக்கும் குடிச்சுட்டு, வாயைத் தொடைச்சுட்டு, "இந்த ருசி எனக்கு மறக்கக் கூடாதுங்க மாமா. அடுத்தது இனிக்கறப்ப வித்தியாசம் தெரியோணுமில்ல"ன்னுச்சு.

எனக்கும் ஒண்ணு கொடுத்தாரு. குடிச்சேன். எங்க மரத்து எளநி எனக்கு முதல் தடவையாக் கரிச்சுது. ஒரு வாய்க்கு மேல எறங்கல. கஷ்டப்பட்டுக் குடிச்சேன், கோகிலா பாத்துட்டே இருந்துச்சு.

கடைசியா அப்பாவும் ஒண்ணு வெட்டிக்கிட்டாரு. ஒரு வாய் குடிச்சாரு. வாயிலயே வெச்சிருந்து முழுங்கினாரு. எல்லாரும் அவரையே பாத்துட்டிருக்கறோம்.

"ஆமாங் அம்மிணி"ன்னாரு. "கரிக்குது."

அப்பறம் மம்முட்டியை எடுத்துட்டுத் தென்னம்பிள்ளைக்குக் குழி தோண்டப் போனாரு. கண்டக்டர் மாமா கொஞ்ச நேரம் பாத்துட்டு உக்காந்திருந்தாரு. பொறவு வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு அவரும் பின்னாலயே போனாரு.